கணக்கில் வராத சிக்னல்

சலூன்காரருக்குக் கொஞ்ச நாளாகவே இருப்புக்கொள்ளவில்லை. கத்தரிக்கோல் கையில் இருக்கும், கண் ரோட்டில் இருக்கும். வெளியே ஒரு ஹாரன் சத்தம் சற்று நீண்டு கேட்டால் போதும், கத்தரி அந்தரத்தில் நின்றுவிடும். கழுத்துவரை துணி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர், துணிக்குள்ளிருந்து கையை எடுத்துத் தன் காது பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார். "அண்ணே, ரோட்டை அப்புறம் பாருங்க, முதல்ல என் தலையைப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு அலுத்துவிட்டது.

ரோட்டைப் பார்க்க அவர் திரும்ப வேண்டியதுகூட இல்லை. கடை நாற்சந்தியின் மூலையில் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. உள்சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி. ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று முடிவெட்டினாலும் நான்கு தெருவும் சிக்னல் கம்பமும் எதிரே தெரியும். இடம் வலமாக, வலம் இடமாகத் தெரிவதெல்லாம் அவருக்குப் பழகிப்போனது. யாராவது பேச்சு சுவாரசியத்தில் ரோட்டில் காலை வைக்க, ஏதோ ஒரு வண்டி சிவப்பை மதிக்காமல் வருகிறது என்றால், நின்ற இடத்திலிருந்தே "ஏய்!" என்று ஒரு சத்தம் போடுவார். சும்மா சொல்லக்கூடாது, கதவு அதிரும். காலை வைத்தவர் பின்னால் இழுத்துக்கொள்வார், வண்டிக்காரன் பிரேக்கை மிதிப்பான், நாற்காலியில் கண்ணயர்ந்தவர் துணியோடு எழுந்து நின்றுவிடுவார்.

அந்தச் சத்தம்தான் போன வருஷம் அவர் மனைவியைக் காப்பாற்றியது. கடையில் நாற்காலி இரண்டு. ஒன்று அவருடையது. மற்றொன்றில் அவர் மனைவி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடிவெட்டுவாள். வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், எதிர்க்கட்டிடத்து மாடியில். மத்தியானம் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, நடக்கிறவர்களுக்குப் பச்சை விழுந்ததைப் பார்த்துத்தான் அவள் இறங்கினாள். ரொட்டிக்கடை வேன் ஒன்று சிவப்பைத் தாண்டி வந்தது. இவர் போட்ட சத்தத்தில் அவள் ஓர் அடி பின்வாங்கினாள். உயிர் தப்பியது, தொடை எலும்பு தப்பவில்லை. உள்ளே கம்பி வைத்தார்கள். ஆறியபிறகு "தாராளமா நடக்கலாம்" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் நடந்தாள், மாடிப்படி இறங்கினாள், அந்தப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் போய்வந்தாள். ரோட்டோரத்துக்கு வந்தால் மட்டும் கால் எழும்பவில்லை.

"வலிக்குதா?" என்று இவர் கேட்பார்.

"வலிக்கல. நகரமாட்டேங்குது."

"நான் கையைப் பிடிச்சுக்கறேன், வா."

"உங்க கையைப் பார்த்தா வேன் நின்னுடுமா? அவன் என்ன, சிவப்பு தெரியாமலா வந்தான்? யார் பார்க்கப் போறான்னுதானே வந்தான். அந்தக் கம்பத்துல ஒரு கேமரா வெக்கச் சொல்லுங்க, மறுநாளே வந்து என் நாற்காலிகிட்ட நிக்கறேன்."

அவள் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. சொன்னால் சொன்னதுதான். இரண்டாவது நாற்காலிமேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்தார் சலூன்காரர். பெண்கள் வந்து கதவைப் பாதி திறந்து, "அக்கா வரலையா?" என்று கேட்டுவிட்டு அப்படியே போனார்கள். பகல் முழுவதும் அவள் அந்தப் பக்கத்து ஜன்னலில், இவர் இந்தப் பக்கத்துக் கண்ணாடியில். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகலில் பேச்சுத்துணை இல்லாமல் அவர் இருந்ததே இல்லை. வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டாவது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள்.

இந்த நிலைமையில்தான், நடு நகரத்துச் சில பெரிய சிக்னல்களில் மட்டும் இருந்த கேமராவை ஊர் முழுக்க வைக்கப்போவதாக மாநகராட்சி அறிவித்தது. சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. துண்டை எடுத்து உதறினார். நாற்காலிக்கு எண்ணெய் விட்டார். ஏற்றி இறக்கும் கம்பி கிரீச்சிட்டதை ஆள் வைத்துச் சரிசெய்தார். உட்காருகிற தலைக்கெல்லாம் அதே சேதி. கேட்டவர்கள் பாதிப் பேர், "அபராதம்னு வீட்டுக்கு ஓலை வரும், இதுக்கா அண்ணே இவ்வளவு சந்தோஷம்?" என்று முகத்தைச் சுளித்தார்கள்.

ஒருநாள் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். பேச்சுவாக்கில், மாநகராட்சி சிக்னல் பிரிவில் இன்ஜினியர் என்றார். சலூன்காரர் போர்த்திய துணியை எடுத்துவிட்டுத் துவைத்த துணியாகப் பார்த்துப் போர்த்தினார். கல்யாண மாப்பிள்ளைகளுக்கு மட்டும் திறக்கிற வாசனைப் பவுடர் டப்பாவையும் எடுத்து வைத்தார்.

"அப்போ கேமரா எல்லாம் உங்க கையிலதானா சார்? எங்க சிக்னலுக்கு எப்ப வருது?"

இன்ஜினியர் துணிக்கு அடியிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "இந்த சிக்னலா? இதுக்கு இல்லையே."

"இல்லையா? நல்லாப் பாருங்க சார்."

"பார்த்துட்டேன். எங்க விபத்து ஜாஸ்தியோ அங்கதான் வெக்கறோம். இங்க போன வருஷம் ஒரு விபத்துகூட போலீஸ்ல பதிவாகல. அருமையான இடம். சந்தோஷப்படுங்க."

"என் பொண்டாட்டியே இங்கதான் சார் அடிபட்டா!"

"அடடா. புகார் குடுத்தீங்களா?"

சலூன்காரர் சீவிய இடத்தையே மறுபடி சீவினார்.

"குடுக்கலேன்னா எங்க கணக்குல அது நடக்கவே இல்லைங்க" என்றார் இன்ஜினியர், அதைவிட இதமாக அதைச் சொல்ல முடியாது என்பதுபோல. "வருஷக் கடைசியில மறுபடி பார்ப்போம். புதுசா ஏதாவது பதிவாச்சுன்னா கண்டிப்பா வரும்." அப்போதுதான் கத்தரி நுனி அவர் காதில் பட்டது. பெரிய காயமில்லை, ஒரு பிளாஸ்திரியோடு போயிற்று.

அந்தச் சந்தியில் மோதல் இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தது. அதைக் காவல் நிலையம்வரை போகவிடாதவர் யார் என்று கேட்டால், சாட்சாத் நம் சலூன்காரரேதான். எங்கே டமால் என்று சத்தம் கேட்டாலும் ஓடுவார். கைகலப்பு ஆகும் முன் இரண்டு பேரையும் தோளில் கைபோட்டுக் கடைக்குள் கூட்டிவருவார். பெஞ்சில் உட்காரவைத்து, மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி, தண்ணீர் கொடுப்பார். "உயிருக்கு ஒண்ணும் ஆகலைல்ல? விடுங்க. ஸ்டேஷனுக்குப் போனா ரெண்டு பேருக்கும்தான் அலைச்சல்." கலைந்த தலையைச் சீவிவிட்டு அனுப்புவார். வந்த வேகத்தில் அடித்துக்கொள்ள இருந்தவர்கள் அடுத்த மாசம் முடிவெட்ட வருவார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

மனைவி விஷயத்திலும் அதே பஞ்சாயத்துதான். ரொட்டிக்கடை வேன்காரன் அந்த பெஞ்சில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி, வேலை போய்விடும் என்றான். இவர் மனம் இளகிவிட்டது. மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது இவர்தான். அவளும் வலியோடு வலியாகத் தலையை ஆட்டிவைத்தாள். நல்ல மனசுதான். நல்ல மனசை எந்த அலுவலகத்தில் போய்ப் பதிவுசெய்வது?

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் கேட்டாள். "கேமரா எப்பவாம்?"

"வருது, வருது. வேலை நடந்துட்டிருக்கு" என்றார். கையைக் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொய் சொன்னவருக்குத் தூக்கம் எங்கே வரும்? மறுநாளிலிருந்து புது வேலை தொடங்கியது. கூரியர் பைக் ஒன்று கார் கதவில் உரசியது. சலூன்காரர் வழக்கம்போல ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் இருவரும் சமாதானமாகி, ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க இது? புகார் குடுக்க வேணாமா?"

"எதுக்குண்ணே? சின்னக் கீறல்."

"இன்னிக்குக் கீறல், நாளைக்கு? இவர் வந்த வேகத்தை நான் பார்த்தேன். சிவப்பு விழுந்தப்புறம் வந்தார்."

கூரியர்காரன் திகைத்துப்போனான். "அண்ணே, நீங்களா பேசறது? போன தடவை என்னை இதே மாதிரி ஒருத்தர் இடிச்சப்போ, விட்டுத்தொலைன்னு தண்ணி குடுத்து அனுப்பினீங்களே!"

சலூன்காரர் கடைக்குத் திரும்பினார். ஆனால் விடவில்லை. அடுத்து வந்த மோதல்களிலெல்லாம் இதே பாட்டு. ஒருவருக்கும் காவல் நிலையம் போகப் பொழுதில்லை. "இவருக்கு என்ன ஆச்சு? ஆறப்போடறவர் இப்போ ஊதி ஊதி எரியவிடறாரே" என்று பக்கத்து மருந்துக் கடை முதலாளி வாய்விட்டே சொன்னார். பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. மின்விசிறி தன் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துச் சுழன்றது.

சின்ன உரசல் எல்லாம் போதாது என்று ஒருநாள் சவரக்கத்தியைத் தீட்டும்போது தோன்றியது. இவர்கள் புகார் கொடுக்காததற்குக் காரணம் அடி படாததுதான். யாருக்காவது கொஞ்சம் பலமாக, அதிகம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு... நினைப்பு அதுவரை போனபோது அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. சீ என்று தலையை உதறிக்கொண்டார். உதறினால் போகிற நினைப்பா அது? இன்னும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. மனிதன் எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிறான் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அதுவும் பெண்டாட்டிமேல் உள்ள ஆசையில்.

பிறகு ஒருநாள், தடியூன்றிய ஒரு பெரியவர் ரோட்டில் இறங்கினார், ஆட்டோ ஒன்று திருப்பத்தில் சிவப்பைத் தாண்டி வந்தது. சலூன்காரர் சத்தம் போட்டார். போடத்தான் போட்டார். ஆனால் வழக்கமாகத் தன்னால் வாயிலிருந்து பாய்கிற சத்தம், அன்று எங்கேயோ தடுக்கி எழுந்து வந்தது. ஆட்டோ பெரியவரின் சட்டையை உரசிக்கொண்டு போய்விட்டது. அவர் திட்டிக்கொண்டே கரையேறினார்.  சலூன்காரர் நாற்காலியில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரைப் பாதி மீசையோடு விட்டுவிட்டு, பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்தார். அன்று சாயங்காலம் மனைவி அவரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"என்ன, தொண்டை கட்டிக்கிச்சா உங்களுக்கு?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. கேமரா எப்பவாம்?"

"இதோ, வந்துட்டே இருக்கு."

அதற்குள் இன்னொரு பழக்கமும் சேர்ந்துவிட்டது. சீப்பு வைக்கிற சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டார், கேமரா திறந்தபடி. ஏதாவது நடந்தால் கம்பத்தில் எரிகிற சிவப்பும், வண்டியும், விழுந்த ஆளும் ஒரே படத்தில் வரவேண்டும், அப்போதுதான் யாரும் மழுப்ப முடியாது. எந்த இடத்தில் நின்று எடுத்தால் மூன்றும் விழும் என்றுகூடக் கடை திறக்குமுன் நின்று பார்த்து வைத்துக்கொண்டார்.

அது நடந்த மத்தியானம் வெயில் தகித்தது. நாற்காலியில் இருந்தவருக்கு முகம் முழுக்கச் சவர நுரை. சலூன்காரர் கத்தியை எடுத்தபோது, பக்கத்து மருந்துக் கடையில் வேலைபார்க்கும் பெண் வெளியே வருவது கண்ணாடியில் தெரிந்தது. தினமும் இவருக்கு "அண்ணே, சாப்டாச்சா?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிற பெண். அன்றும் கொடுத்துவிட்டுத்தான் போனாள். நடக்கிறவர்களுக்குப் பச்சை விழுந்தது. அவள் இறங்கினாள். இடப்பக்கத் தெருவிலிருந்து, அதாவது கண்ணாடியில் வலப்பக்கமாக, மரச்சாமான் ஏற்றிய சின்ன லாரி ஒன்று நிற்கிற எண்ணமே இல்லாமல் வந்தது.

சலூன்காரர் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். வாய் திறந்தது. இது கணக்கில் வரும் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. வாய் திறந்தபடியே நின்றது.

லாரியின் பக்கக் கண்ணாடி அவள் தோளில் அடித்தது. அவள் சுழன்று விழுந்தாள். பிரேக் சத்தமும் மரச்சாமான் சரிகிற சத்தமும் அதற்குப் பிறகுதான் கேட்டன.

இவர் ஓடினார். எப்போதும் ஓடுகிறவர்தானே. ஆனால் நேராக அவளிடம் ஓடவில்லை. முன்பே பார்த்து வைத்திருந்த இடத்துக்கு ஓடிப்போய் நின்று, போனை எடுத்து உயர்த்தினார். சிவப்பு விழுந்தது, லாரி விழுந்தது, அவளும் விழுந்தாள், மூன்றும் ஒரே படத்தில். நம்பர் பலகையைத் தனியாக எடுத்தார். பிறகுதான் அவள் பக்கம் குனிந்தார். மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. நெற்றியில் ரத்தம்.

"அண்ணே... தண்ணி..."

"இரும்மா, ஒரு நிமிஷம். எழுந்திருக்காதே, அப்படியே இரு. போலீஸ் வரட்டும். நீ புகார் குடுப்பேல்ல? கண்டிப்பா குடுக்கணும்."

அவள் புரியாமல் அவரைப் பார்த்தாள். அழுகை அப்போதுதான் வந்தது.

"போனை உள்ள வைங்க."

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. மனைவி நின்றுகொண்டிருந்தாள், நடு ரோட்டில், செருப்பில்லாமல். எப்போது இறங்கினாள், எப்படி வந்தாள், என்ன விளக்கு எரிந்தது, ஒன்றும் இவருக்குத் தெரியாது. சுடுகிற தாரில் அப்படியே உட்கார்ந்து பெண்ணின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முந்தானையை நெற்றியில் அழுத்தினாள். "ஒண்ணுமில்லடா கண்ணு, அக்கா இருக்கேன்ல. கையை அசைக்காதே. என்னைப் பாரு." அப்புறம் தலையைத் தூக்காமலே இவரிடம், "தண்ணி கேட்டா இல்ல? காது கேக்கலையா?" என்றாள்.

தண்ணீர் வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. போக்குவரத்துக் காவலரும் வந்தார். எல்லாவற்றையும் விசாரித்து எழுதிக்கொண்டு, படத்தைப் பார்த்து மெச்சினார். "பிரமாதமா எடுத்திருக்கீங்க. இதுக்குமேல என்ன சாட்சி வேணும்? இனி உங்க சிக்னலுக்கும் கேமரா வந்துடும், கவலைப்படாதீங்க."

எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை. சலூன்காரருக்குக் கேட்டதாகவே தோன்றவில்லை. மனைவி கேட்டுக்கொண்டாள்.

"அப்போ இதுவரைக்கும் இங்க கேமரா வர்றதாவே இல்லையா?" என்று காவலரிடம் கேட்டாள்.

"இல்லைங்களே. இங்க பதிவே இல்லாம இருந்ததே. இப்போதானே ஒண்ணு ஆயிருக்கு."

அவள் நேரே கடைக்குள் வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு. நுரை காய்ந்த முகத்தோடு அந்த மனிதர் இன்னும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "முகத்தைக் கழுவிக்கோங்க, இன்னிக்கு வேணாம்" என்று அவரை அனுப்பினாள். துடைத்து, எண்ணெய் விட்டு, தயாராக வைத்திருந்த அவளுடைய நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அதில் கை வைக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள், தகராறு பண்ணிக்கொண்டு வருகிறவர்கள் உட்காருகிற இடத்தில். முந்தானையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"ஏன் கத்தல?"

"நான் பார்க்கல."

"கண்ணாடி முன்னாடிதானே நின்னீங்க."

"பார்க்கலம்மா. சவரம் பண்ணிட்டு..."

"நான் ஜன்னல்ல இருந்தேன். உள்கண்ணாடியில தெரியற உங்க முகத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன். தலையைத் தூக்கினீங்க. வாயைத் திறந்தீங்க." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "எனக்காகக் கத்தின வாய்தானே அது?"

உனக்காகத்தான் கத்தவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். நல்லவேளை, சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பாவத்தில் பாதியை அவள் தலையில் கட்டியிருப்பார். அவ்வளவு புத்தியாவது மிச்சம் இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவ அம்மா வர்ற வரைக்கும் யாராவது கூட இருக்கணும்" என்று எழுந்தாள். "வீட்ல போய்ப் புடவை மாத்திட்டுப் போறேன்."

"இரு, நான் கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் விடறேன்."

"வேணாம்."

வாசலுக்குப் பின்னாலேயே வந்தார். அவள் ரோட்டோரத்தில் போய் நின்றாள். லாரி நின்ற இடத்தில் யாரோ மண்ணள்ளிப் போட்டிருந்தார்கள். வண்டிகள் ஒன்றுமே நடக்காததுபோல ஓடின. அவள் கால் லேசாக நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. நடக்கிறவர்களுக்குப் பச்சை விழுந்தது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு அவள் காலை எடுத்து வைத்தாள். எதிர்த் தெருவிலிருந்து ஒரு கார் வந்தது.

"ஏய்!"

கதவு அதிர்ந்தது. மருந்துக் கடை முதலாளி வெளியே ஓடிவந்தார். நான்கு தெருவிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கார் வெள்ளைக் கோட்டுக்கு வெகுதூரம் முன்பே ஒழுங்காக நின்றுவிட்டிருந்தது. காரோட்டி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"என்னய்யா? நிக்கறேன்ல?"

 சலூன்காரர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஓர் அடிகூடப் பின்வாங்காமல் நடந்து, அந்தப் பக்கம் ஏறி, மாடிப்படிக்குள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.